நாலாவது பாரா

தீர்ப்பு நகல் கைக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் அதைப் படிக்கவில்லை, எண்ணினார். பதினொரு பக்கம். ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்கிறதா, எண் வரிசையாக வருகிறதா, நடுவில் எதையாவது உருவிவிட்டார்களா என்று விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கள் வக்கீலம்மா பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பொறுமை போனது எனக்குத்தான்.

"பக்கமெல்லாம் சரியாத்தாங்க இருக்கும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்களக் கேளுங்க."

"தோத்துட்டோம்க்கா," என்றார் வக்கீலம்மா. "நஷ்டஈடு கட்டச் சொல்லிட்டாங்க. அப்பீல் போகலாம். ஆனா நேரா போக முடியாது. அதுக்கு முதல்ல அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட?" இவர் தலையை நிமிர்த்தினார்.

"மேல்கோர்ட்டுகிட்ட."

"அப்பீல் போறதும் மேல்கோர்ட்டுக்குத்தானே?"

"ஆமா."

"உங்க வீட்டுக்கு வரலாமான்னு உங்க வீட்டு வாசல்லயே நின்னு கேக்கணும். அப்படித்தானே?"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்தது இவருக்குப் பிடிக்கவில்லை என்று காது சிவந்ததிலேயே எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் விளக்கிச் சொன்னார். நஷ்டஈட்டுத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் அப்பீல் நம் உரிமை, யாரையும் கேட்க வேண்டாம். வரம்புக்குக் கீழே இருந்தால் பதினாலு நாளுக்குள் மனுப் போட்டு அனுமதி கேட்க வேண்டும். சின்ன வழக்குகள் எல்லாம் மேலே ஏறி வந்து கூட்டம் போடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்களாம். கீழ்க்கோர்ட்டு என்னை நம்பவில்லை என்று அழுதால் போதாது. சட்டத்தையே தப்பாகப் பிடித்துக்கொண்டார்கள் என்றோ, இந்த விஷயம் ஊரில் பல பேரைப் பாதிக்கும் என்றோ, பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்றோ காட்ட வேண்டும்.

"நம்ம தொகை வரம்புக்கு எவ்வளவு கீழ?" என்று கேட்டார் இவர்.

"கொஞ்சம்தான். நூலிழை."

"பாத்தியா?" இவர் என் பக்கம் திரும்பினார். "சாவி வெட்டுற மாதிரி அளந்து வெட்டியிருக்காங்க."

அதுதான் இவர். பூட்டுச் சாவி வேலை செய்கிறவர், பார்க்கிற எல்லாவற்றையும் யாரோ திறக்கப் பார்க்கிறார்கள் என்றே பார்ப்பார். வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுப்பார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடி இரண்டு முறை இழுப்பார். கடைத்தெருவில் இவருக்கு ரெட்டைப்பூட்டு என்று பெயர். கூப்பிடுகிறவர்கள் பாசத்தில் கூப்பிடுகிறார்களா நக்கலில் கூப்பிடுகிறார்களா என்பதிலும் இவருக்குச் சந்தேகம் உண்டு.

படி இறங்கும்போது வக்கீலம்மா பின்னால் ஓடி வந்தார். போன வாரம் எங்கள் கடையில் விட்டுப் போன குடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அது மூன்றாவது குடை. "இந்தம்மாகிட்டதான் நம்ம தலையெழுத்து," என்று இவர் முணுமுணுத்தார்.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடை, வணிகக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஆறடி அகலம். இடது பாதி இவருடையது: சாவி வெட்டும் மெஷின், சுத்தியல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். வலது பாதி என்னுடையது: தையல் மெஷின், ஜிப் சுருள்கள், டப்பா டப்பாவாக ஜிப்பை இழுக்கிற ரன்னர்கள். பை ஜிப் மாற்றுவது, கைப்பிடி தைப்பது, பெட்டிக்குச் சக்கரம் போடுவது என் வேலை. நடுவில் என் தோள் உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு.

ஒரு பல் டாக்டரம்மா மார்ச் மாதம் தானே வந்து வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் வெட்டிக்கொண்டு போனார். ஜூலை ஆரம்பத்தில், அவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தபோது வீட்டில் திருட்டு. கதவு உடையவில்லை, பூட்டில் கீறல் இல்லை. திருடன் சாவி போட்டுத் திறந்து, இருந்ததை எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். உடைப்பே இல்லை என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். டாக்டரம்மா எங்கள் மேல் வழக்குப் போட்டார். சாவி வெளியே போன ஒரே இடம் உங்கள் கடைதான் என்றார். அவருடைய கிளினிக்கில் வேலை பார்க்கும் கம்பவுண்டர் கூண்டில் ஏறி, சாவிக்கொத்து எப்போதும் டாக்டரம்மாவின் மேஜை டிராயரில்தான் இருக்கும், யாரும் தொட மாட்டோம் என்று சாட்சி சொன்னான். சிரித்த முகம். எங்கேயோ பார்த்த முகமாக எனக்குத் தோன்றியது. பல் வலிக்குப் போனபோது பார்த்திருப்போம் என்று விட்டுவிட்டேன். இத்தனைக்கும் அந்தக் கிளினிக் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை.

இவரைக் கூண்டில் ஏற்றி எதிர்வக்கீல் கேட்ட கேள்விதான் எங்களைக் கவிழ்த்தது.

"யார் யாருக்குச் சாவி வெட்டுறீங்கன்னு எழுதி வைக்கிற வழக்கம் உண்டா?"

இவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் வேண்டுமோ என்று நான் நினைத்தேன்.

"இல்லை," என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டார் நீதிபதி. ஊர்ச் சாவியெல்லாம் கையில் வாங்குகிற ஒருவர் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று ஒரு வரிகூட எழுதி வைக்காதது அஜாக்கிரதை, ஆகவே பொறுப்பு அவருடையதே என்று தீர்ப்பு.

பணத்தைக்கூட எப்படியாவது புரட்டியிருப்போம். கடைதான் பிரச்சினை. தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் கட்டடக் கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசியில் எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, இப்படி ஒரு தீர்ப்பு நிலுவையில் இருக்கிற கடைக்குப் புதுப்பிக்க முடியாது, என்று செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு முன்பே கூட்டம் நின்றுவிட்டது. பை கொண்டு வருகிறவர்கள் வந்தார்கள். ஆனால் அவர்களும் இடது பக்கம் நிற்கிற என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் இடுப்புச் சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். இவர் குனிந்துகொண்டு சுத்தமாக இருக்கிற மெஷினையே துடைத்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் வக்கீலம்மா ஒரு கட்டுத் தாளோடு கடைக்கே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணே, நல்ல பாயின்ட் மாட்டியிருக்கு. சாவி வெட்டுறவங்க நோட்டு வைக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. இல்லாத ஒரு கடமையை ஜட்ஜு உங்க தலையில கட்டிட்டாரு. இது உங்க ஒருத்தர் விஷயம் இல்லை, இந்தத் தொழில் பண்ற அத்தனை பேர் விஷயம். அனுமதி கண்டிப்பா கிடைக்கும்."

எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் வேணும். நான் நோட்டு வைக்கிறதில்லை, இந்தத் தொழில்ல யாரும் வைக்கிறதில்லைன்னு நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்."

இவர் துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அது இல்லாம முடியாதா?" என்றார்.

"அதுதானே அஸ்திவாரம்? கோர்ட்ல ஏற்கெனவே சொன்னதுதானே அண்ணே?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க என்ன இருக்கிறது? இல்லாததை இல்லை என்று எழுத ஒரு மனிதனுக்கு எதற்கு யோசனை? இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து இவருடைய சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேனே தவிர, இவரையே சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றிவிட்டது. ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் அது சும்மா இருக்குமா?

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். இவருடைய இடது கட்டை விரல் எப்போதும் கறுப்பாக இருக்கும். இரும்புத் தூள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தீர்ப்புக்குப் பிறகு சாவி வேலை ஒன்றுமில்லை, ஆனாலும் விரல் கறுப்பாகவே இருந்தது. நான் முன்னால் வீட்டுக்குக் கிளம்பினால் நான் கண்மறைகிற வரை நின்று பார்த்தார். மெஷினுக்குக் கீழே ஒரு டிராயர் உண்டு. அதன் சாவி இவர் இடுப்புக் கயிற்றில் இருக்கும், குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். பூட்டுக்காரர் பெண்டாட்டி, எனக்குத் திறக்க உரிமை இல்லாத பூட்டு அது ஒன்றுதான். உள்ளே உளியும் அரமும் என்று சொல்லி வைத்திருந்தார். நானும் நம்பி வைத்திருந்தேன்.

டாக்டரம்மா வீட்டுச் சாவியின் இன்னொரு நகல் அந்த டிராயரில் இருந்தால்? அதை நினைத்தபோது ஊசி என் விரலில் ஏறிவிட்டது.

இவர் தினமும் மூன்று மணிக்கு டீ குடிக்கப் போவார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் கடை என் பொறுப்பு. பழைய பெட்டியிலிருந்து உருவிய மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று என்னிடம் இருந்தது. இத்தனை வருஷம் இவர் பூட்டுத் திறப்பதைத் தடுப்புக்கு மேலாகப் பார்த்தவளுக்கு முறை தெரியும், கைதான் பழக்கமில்லை. முதல் நாள் பத்து நிமிஷமும் வீணாயிற்று. இரண்டாம் நாள் பட்டை வளைந்தது. மூன்றாம் நாள், அனுமதி மனுவுக்கு இன்னும் ஐந்து நாள் பாக்கி இருக்கும்போது, டிராயர் திறந்தது.

உள்ளே சாவி இல்லை. ஒரு நோட்டு இருந்தது. ஒரு துண்டுப் பென்சிலும்.

பக்கம் பக்கமாகச் சாவிகள். சாவியின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பல் பல்லாக உருவம் விழுமே, அப்படித் தேய்த்து ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் தேதி, கொண்டு வந்தவர் அடையாளம். 'வெள்ளை வேன், மூக்கில் மரு.' 'மகளோடு வந்தவர், அவசரப்பட்டார்.' 'மாடி தையல்காரர், கடன் சொன்னார்.' எந்தச் சாவி வந்தாலும் மேஜைக்குக் கீழே வைத்து, கொடுத்தவருக்கே தெரியாமல் தேய்த்து எடுத்திருக்கிறார். விரல் கறுப்பு இந்தப் பென்சில் கரிதான்; வேலை இல்லாத நாளிலும் பழைய பக்கங்களைத் தடவிப் பார்த்திருக்கிறார். சாவி கொடுக்கிற ஒவ்வொரு ஆளும் நாளைக்கு நம் மேலேயே பழி போடுவான் என்று இவர் பயந்தது எனக்குத் தெரியும். இப்படி ஒரு நோட்டு வைக்கிற அளவுக்குப் பயந்தார் என்பது தெரியாது.

மார்ச் மாதத்தைத் தேடினேன். 'பல் டாக்டரம்மா, தானே வந்தார்.' நீளச் சாவி, ஐந்து பல், நுனியில் ஒரு பள்ளம். பிறகு ஜூன் பத்தொன்பது. அதே ஐந்து பல், அதே பள்ளம். கீழே எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

'இவள் வாங்கி வைத்தது. ஆளை நான் பார்க்கவில்லை.'

இவள் என்பது நான்தான். வேறு யார்?

நோட்டை மூடவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டீ நேரத்தில் வருகிற சாவிகளை நான் வாங்கி ஒரு டப்பா மூடியில் போட்டு வைப்பது வழக்கம். முகத்தைப் பார்க்காமல் வாங்காதே என்று இவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்த்து என்ன செய்வது, பல்லையா எண்ணுவது என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். இவர் வந்து வெட்டுவார், மறுபடி அவர்கள் வரும்போது யார் இருக்கிறோமோ அவர்கள் கொடுப்போம். அப்படி ஒரு நாள், மெஷினை ஓட்டிக்கொண்டே, ஏறிட்டும் பார்க்காமல், திருடனிடமிருந்து சாவியை வாங்கி வைத்தவள் நான்.

உடனே இன்னொரு நினைப்பும் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். இதை இவர் பிறகு எழுதி என் தலையில் கட்டியிருந்தால்? முன்னும் பின்னும் புரட்டினேன். ஜூன் பதினெட்டு மேலே, இருபது கீழே, நடுவில் ஒரு நூல்கூட நுழைய இடமில்லை. அன்றைக்கே எழுதியதுதான். அப்படிச் சந்தேகப்பட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

இவர் டீ குடித்துவிட்டு வந்து, என் மடியில் நோட்டைப் பார்த்தார். திறந்த டிராயரைப் பார்த்தார்.

"எதால திறந்தே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பொட்டிப் பட்டையால."

"கீறல் விழுந்திருக்கும்."

"விழட்டும்! கோர்ட்ல எதுக்குங்க இல்லைன்னு சொன்னீங்க?"

இவர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நோட்டை நீட்டினா அடுத்த கேள்வி என்ன? இவள்னா யாருன்னு கேப்பான். உன்னைக் கூண்டுல ஏத்துவான். யாரு கொடுத்தா, ஆளு எப்படி இருந்தான்னு போட்டு வறுப்பான். தெரியாதுன்னு சொல்லுவே. நீயே திருடனுக்கு உடந்தைன்னு எழுதிடுவாங்க."

"என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா எழுந்து நின்னு, நான்தான் வாங்கினேன்னு கத்திடுவே. உன் வாயி எனக்குத் தெரியாதா?"

கத்தித்தான் இருப்பேன்.

"வக்கீலம்மாகிட்ட?"

"ஊர்ச் சாவி பூராவும் இதுல இருக்கு. மூணு குடையைத் தொலைச்சவங்க கையில இதைக் கொடுக்கவா?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஜூன் பத்தொன்பது, ஜூன் பத்தொன்பது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சட்டென்று மூக்கில் அடித்த மாதிரி ஒன்று உறைத்தது. நோட்டு இவரிடம் மட்டுமா இருக்கிறது? பை விட்டுப் போகிறவர்களிடம் நான் துண்டுச்சீட்டு எழுதி போன் நம்பர் வாங்குவேன். சீட்டின் மறுபாதி, அடிக்கட்டை, என்னிடம் இருக்கும். ஒளித்து வைக்கவெல்லாம் இல்லை, ரன்னர் டப்பாவுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும். ஜூன் மாதக் கட்டை எடுத்தேன். பத்தொன்பதில் நாலு சீட்டு. மூன்றாவதில் என் கையெழுத்து: 'கறுப்புத் தோள்பை. ஜிப் 1. சாவி 1.' கீழே ஒரு போன் நம்பர்.

அன்றைக்கு வந்தது ஒரே ஒரு சாவிதான் என்று இவர் நோட்டும் சொன்னது.

கடை போனிலிருந்து அந்த நம்பரை அழுத்தினேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இரண்டு முறை மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"பல் கிளினிக். சொல்லுங்க, அப்பாயின்ட்மென்டா?"

போனை வைத்துவிட்டேன். அந்தச் சிரித்த முகத்தை நான் எங்கே பார்த்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தைத்த கறுப்புப் பையைத் திரும்ப வாங்க வந்தபோது, தடுப்புக்கு இந்தப் பக்கம், என் எதிரில். நாள் முழுக்க நோயாளிகளுக்குக் கிளினிக் நம்பரையே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், நான் நம்பர் கேட்டதும் யோசிக்காமல் அதையே சொல்லியிருக்கிறது.

அன்றைக்கே இரண்டையும் எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனோம். இவர் நோட்டைச் சட்டைக்குள் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். வக்கீலம்மா பார்த்தார், நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் குரலில் கோபமே இல்லை. "இது அப்பவே வந்திருந்தா நாம தோத்திருக்கவே மாட்டோம்."

"இப்ப காட்டலாமே?" என்றேன்.

"காட்டலாம்க்கா. ஆனா விசாரணை நடக்கும்போதே கையில இருந்ததை ஒளிச்சு வெச்சுட்டு, தோத்த பிறகு எடுத்து நீட்டினா மேல்கோர்ட்டு ஏத்துக்காது. புதுசா கிடைச்ச ஆதாரம்னாதான் பாப்பாங்க. இது இவர் டிராயர்லயே இருந்த ஆதாரம். நம்ம பழைய பாயின்டும் போச்சு. நோட்டு வைக்கத் தேவையில்லைன்னு நோட்டைக் கையில வெச்சுக்கிட்டா வாதாடுறது?"

"நோட்டு இல்லைன்னா?" இவர் மெதுவாகக் கேட்டார்.

வக்கீலம்மா இவரை நேராகப் பார்த்தார். "அதை எரிச்சுட்டு, வேற வக்கீல்கிட்ட போய், நோட்டு வைக்கிறதில்லைன்னு சத்தியம் பண்ணினா அனுமதி கிடைச்சாலும் கிடைக்கும். எனக்குத் தெரிஞ்ச பிறகு நான் பண்ண மாட்டேன். உங்க ரகசியத்தை நான் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். பொய் சொன்னால் அனுமதி. உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும். இது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.

"எரிச்சுடலாம்," என்றார் இவர். "கடை நிக்கும். உன் பேரும் வெளிய வராது."

"என்னைக் காப்பாத்த ஒரு பொய் சொன்னீங்க. சரி. இதை எரிச்சா யாரைக் காப்பாத்துவீங்க? அந்தக் கம்பவுண்டரைத்தானே?"

இவர் சட்டைக்குள் இருந்த நோட்டின் மேல் கையை வைத்தார்.

"ஊரு என்ன பேசுது? ரெட்டைப்பூட்டு ஒரு சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தான்னு பேசுது. அப்பீல்ல ஜெயிச்சாலும், நோட்டு வைக்கச் சட்டம் இல்லைன்னுதான் சொல்லுவாங்களே தவிர, நீங்க திருடலைன்னு யாரு சொல்லுவா? நானே மூணு நாளா உங்களச் சந்தேகப்பட்டேன். ஊருக்கு என்ன?"

இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன். இவர் எழுந்து, சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து, வக்கீலம்மாவின் அறைக்கே திரும்பிப் போனார். இவர் கேட்ட நிபந்தனை ஒன்றுதான்: அந்த இரண்டு சாவிப் பக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் உறையில் அரக்கு முத்திரையோடு இருக்க வேண்டும், யாரும் நகல் எடுக்கக்கூடாது. வக்கீலம்மா இவர் கண்ணெதிரிலேயே அரக்கை உருக்கினார். அது ஆறியதும் இவர் உறையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

கிடைக்காது என்று தெரிந்தே, உள்ளதைச் சொல்லி மனுப் போட்டோம். அனுமதி விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது, கால் மணி நேரம்கூட இல்லை. பெண் நீதிபதி. உருப்பெருக்கிக் கண்ணாடியால் இரண்டு பென்சில் சாவிகளையும் பார்த்தார். என் சீட்டைப் பார்த்தார். டாக்டரம்மா தன் வக்கீலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அந்த நம்பரைக் கண்டதும் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"இந்த நோட்டு விசாரணையின்போது உங்களிடம் இருந்ததா?" என்று கேட்டார் நீதிபதி.

"இருந்துச்சுங்க."

"இல்லை என்று ஏன் சொன்னீர்கள்?"

இவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். காது சிவந்தது. நான் பின் பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சத்தியமாக இருந்தேன். முடியவில்லை.

"நான்தாங்க அந்தச் சாவியை வாங்கினவ!" எழுந்துவிட்டேன். "முகத்தைப் பாக்காம வாங்கிட்டேன். என்னை மறைக்கத்தான் இவர் பொய் சொன்னாரு."

"உட்காருங்கள். உங்களை யாரும் கூப்பிடவில்லை."

உட்கார்ந்தேன். இவர் திரும்பிப் பார்த்தார். 'சொன்னேன்ல?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஒரே தாள், இரண்டு பக்கமும். இவர் முத்திரையைச் சரிபார்த்தார். நான் கடைசி வரியைப் பார்த்தேன். அனுமதி மறுக்கப்படுகிறது. தெரிந்ததுதான். கடை போயிற்று என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் அந்தப் படிக்குக் கீழே தலை குனிந்து குனிந்து எனக்குக் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, அதை எடுத்துக்கொண்டு இனி எங்கே போவது?

"அக்கா, நாலாவது பாராவைப் படிங்க," என்றார் வக்கீலம்மா.

படித்தேன். 'விண்ணப்பதாரர் காட்டிய பதிவேடும் சீட்டும் உண்மையானவை என்றே இந்த மன்றம் கருதுகிறது. வாதியின் சாவியை இரண்டாம் முறை கடைக்குக் கொண்டுவந்தவர் வாதியின் சொந்தப் பணியாளர் என்றே அவற்றிலிருந்து தெரிகிறது. ஆயினும், கையில் இருந்ததை இல்லையென்று சத்தியம் செய்த ஒருவருக்கு, அதையே காட்டி மறுபடி வழக்காட அனுமதி தருவதற்கில்லை.'

"கருதுகிறதுன்னா என்ன? முழுசா நம்பலையா?" என்றார் இவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன். அழுதுகொண்டிருந்தேன்.

அந்தத் தாளைப் பெரிதாக நகல் எடுத்து, கடை முகப்பில், ஜிப் விலைப் பட்டியலுக்கு மேலே ஒட்டினேன். தோற்றுப்போன காகிதத்தை இப்படிக் கொட்டை எழுத்தில் ஒட்டியவர்கள் எங்கள் கட்டடத்திலேயே நாங்கள்தான். கம்பவுண்டரைப் போலீஸ் கூட்டிப் போய் விசாரிக்கிறார்கள் என்று கேள்வி. டாக்டரம்மா இன்னும் நஷ்டஈட்டைக் கேட்டு ஆள் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை, என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று இவர் தினமும் குடைந்துகொண்டிருக்கிறார்.

மாதக் கடைசி நாள் மூன்று மணிக்கு கமிட்டிச் செயலாளர் வந்தார். இவர் டீ குடிக்கப் போயிருந்தார். செயலாளர் கையில் ஒரு கவர். கடையைக் காலி செய்யச் சொல்கிற நோட்டீஸ் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"தோத்துட்டீங்களாமே," என்றார்.

"ஆமா, தோத்துட்டோம். நாலாவது பாராவைப் படிங்க."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே, பிறகு மறுபடி மேலிருந்து கீழே. எனக்கு மெஷின் ஓடவில்லை, நெஞ்சுதான் ஓடியது. அவர் கவரை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதே பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, தடுப்பின் மேல் வைத்தார்.

"வீட்டுச் சாவி. ஒரு நகல் வேணும். பையன் தொலைச்சுட்டான்."

டப்பா மூடி என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. சாவியையும் தொடவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

"அவர் வரட்டும் சார்," என்றேன். "அஞ்சு நிமிஷம். அதுவரைக்கும் சாவி உங்க கையிலயே இருக்கட்டும்."